மத்தக் கை என்னா செஞ்சிச்சி?

கணக்கெடுப்புப் பயிற்சியில் உங்களுக்கு எல்லாம் சொல்லித் தந்திருக்கிறோம். கதவைத் தட்டுவது எப்படி, படிவத்தை நிரப்புவது எப்படி, மழையில் அது நனையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்றெல்லாம். பொறாமை வந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அதை நான் சொல்கிறேன். இந்த உத்தியோகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் அதுதான்.

என் பிரியாவிடையன்று உங்களில் ஒரு பிள்ளை வெளிக்களக் கையேட்டைத் தூக்கிக் காட்டிப் பேசினாள். நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப் பகுதியில் தேயிலைத் தோட்டப்புறத்துக்கென்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறதல்லவா, அதைக் காட்டினாள். "இந்தப் பக்கம் இல்லாட்டி நாங்க லயத்துல போயி முழிச்சிக்கிட்டு நிப்போம். இது பிலோமினா மிஸ்ஸோட பக்கம்" என்றாள். எல்லோரும் கைதட்டினீர்கள். நான் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டுப் புள்ளிவிபர அலுவலகம் எங்கள் அலுவலகத்தோடு சேர்ந்து வேலை செய்ய வந்தது. பெண்களைப் பற்றிய கணக்குகளைத் திருத்துவதுதான் நோக்கம். சம்பளம் வாங்குகிற வேலை கணக்கில் வருகிறது. தண்ணீர் சுமப்பதும் பிள்ளை பார்ப்பதும் நோயாளியைக் கவனிப்பதும் வருவதில்லை. ஒரு பெண்ணின் ஒரு முழு நாள் எங்கே போகிறது என்று மணிக்கு மணி எழுத வேண்டும். அவர்கள் நாட்டில் பயன்பட்ட படிவம் நம் மலையில் எடுபடுமா என்று பார்க்க, லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பரீட்சார்த்தமாகச் செய்வதென்று முடிவானது. அது சரிவராவிட்டால் தோட்டத்துப் பெண்களைத் தனியாகக் காட்டும் யோசனையையே கைவிட்டு, கிராமத்துக் கணக்கோடு சேர்த்து எழுதிவிடலாம் என்று கொழும்பில் பேச்சிருந்தது. சரிவந்தால், நடத்திய மேற்பார்வையாளர்களில் ஒருவர் வெளிநாட்டில் நடக்கும் கூட்டத்துக்குப் போய் அதை விளக்க வேண்டும்.

மேற்பார்வையாளர்கள் நாங்கள் இரண்டு பேர். மற்றவளின் பெயரை இப்போது சொல்ல மனம் வரவில்லை. மனதுக்குள் நான் அவளை ஹட்டன்காரி என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். என்னைவிடப் பத்து வயது இளையவள். அப்பா ஹட்டன் பஜாரில் பேக்கரி வைத்திருந்தார். தலையில் கூடைக் கயிறு பட்ட பரம்பரையில்லை. நானோ அதே தோட்டத்து மேற்பிரிவில், ஆறாம் நம்பர் லயத்தில், தொழிலாளர் வரிசைவீடு ஒன்றில் பிறந்தவள். அந்தத் தோட்டத்தை எனக்குத் தெரிந்த மாதிரி அவளுக்குத் தெரியுமா? கூட்டத்துக்கு நான்தான் போவேன் என்று முடிவுகட்டி, ஒரு நல்ல சூட்கேஸ்கூடப் பார்த்து வைத்திருந்தேன்.

சொந்தக்காரர்களை நாமே பேட்டி எடுக்கக்கூடாது என்பது விதி. அதனால் எங்கள் மேலதிகாரி சேர் மேற்பிரிவை அவளுக்கும் கீழ்ப்பிரிவை எனக்கும் கொடுத்தார். நான் பிறந்த லயத்துக்கு அவள் போனாள். எந்தப் படியால் ஏறினால் சேறு மிதிக்காமல் போகலாம் என்று வழி சொல்லி அனுப்பியதும் நான்தான்.

நான் கீழ்ப்பிரிவை வேகமாக முடித்தேன். ஒரு வீட்டுக்கு அரை மணித்தியாலம். எனக்கென்ன கேட்டுத்தானா தெரிய வேண்டும்? "காலையில எந்திரிச்சி அடுப்ப மூட்டுனீங்க. அப்புறம் பைப்படிக்குப் போயி தண்ணி புடிச்சீங்க, ஒரு கா மணித்தியாலம். சரிதானே?" என்பேன். "சரிங்க மிஸ்" என்பார்கள். கோடு போட்ட மாதிரி படிவம் நிரம்பும். அதே நேரத்தில் செய்த வேறு வேலை என்றொரு இரண்டாவது நிரல் இருந்தது. அதைப் பெரும்பாலும் வெறுமையாக விட்டேன். ஒரு நேரத்தில் ஒரு வேலைதானே என்று நினைத்தேன்.

ஹட்டன்காரி ஒரு வீட்டில் அரை நாள் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் மேற்பிரிவுக்குப் போனபோது சரோஜாவின் வாசற்படியில் அவளைக் கண்டேன். சரோஜா என் கூட்டாளி. எட்டாம் வகுப்புவரை ஒரே வாங்கில் இருந்தோம். பிறகு நான் தலவாக்கலைக்குப் படிக்கப் போனேன், அவள் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள். இப்போதும் கொழுந்துதான் எடுக்கிறாள். மகள் குவைத்தில், பேரப்பிள்ளை இவள் இடுப்பில். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது சரிவில் விழுந்த புருஷன் உள்ளே படுக்கையில்.

நான் போனால் சரோஜா பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போடுவாள், பக்கத்து வீட்டில் பால்மா வாங்கித் தேத்தண்ணி ஊற்றுவாள். ஹட்டன்காரிக்குக் கதிரையும் இல்லை, பால்மாவும் இல்லை. ஒரு கத்தியைக் கொடுத்து உருளைக்கிழங்கு உரிக்க விட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. என் கூட்டாளி எனக்கு ஒருநாளும் அந்தக் கத்தியைத் தந்ததில்லை.

ஹட்டன்காரி மணி கேட்கவே இல்லை. "பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி என்னா செஞ்சீங்க? மொத நிறுவைக்கு அப்புறம்? அந்தி நிறுவை முடிஞ்சி வீட்டுக்கு வந்ததும்?" என்று கேட்டாள். ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டும், கொழுந்து நிறுக்கும் நேரங்களும், பிள்ளை மடுவத்தில் குழந்தையை விடுவதும், தண்ணீர் திறப்பதுமாக அந்தத் தோட்டத்து நாளை ஒரு தனித்தாளில் வரிசையாக எழுதி, படிவத்தோடு குத்தியிருந்தாள். அந்த நேரங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் ஒன்று. பிறகு அவற்றை மணியாக மாற்றிக்கொள்வாள்.

"ரொட்டி சுட்டேன் மிஸ்" என்றாள் சரோஜா.

"அப்ப மத்தக் கை என்னா செஞ்சிச்சி?"

சரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். "மத்தக் கையில இந்தக் கழுத இருந்துச்சி" என்று பேரனைக் காட்டினாள். சரோஜா அப்படிச் சிரித்து நான் கேட்டுப் பல வருடமாகியிருந்தது. நான் தொண்டையைச் செருமியதும் எழுந்து கதிரை எடுக்க ஓடினாள்.

ஒருவர் படிவத்தை மற்றவர் சரிபார்ப்பது வழக்கம். சரோஜாவின் படிவம் என் கைக்கு வந்தது. இரண்டாவது நிரல் நிறைந்து வழிந்தது. இரவு நேரத்தில் மூன்று இடத்தில், 'எழுந்து கணவரைத் திருப்பிப் படுக்கவைத்தல்' என்றிருந்தது. நான் சிரித்தேன். சரோஜாவையா? சின்ன வயதில் இடி விழுந்தாலும் எழும்பாதவள். அவள் புருஷனுக்கு நடக்க முடியாது என்று தெரியும், பிஸ்கட் வாங்கிக்கொண்டு பார்த்தும் வந்திருக்கிறேன். எப்படியிருக்கார் என்று கேட்டால் "இருக்காரு" என்பாள். இப்படியொரு பாடு இருந்தால் என்னிடம் சொல்லியிருக்க மாட்டாளா?

அன்றைக்கே சேருக்கு நல்ல சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அனுமதியில்லாமல் தனித்தாள் சேர்த்திருக்கிறார், பதிலை அவரே எடுத்துக் கொடுக்கிறார் என்று தோன்றுகிறது, இந்த வீட்டை எனக்குத் தனிப்பட்ட முறையில் தெரியும், இரவுப் பதிவுகள் நம்பும்படி இல்லை என்று எழுதினேன். விதிப்படி பார்த்தால் எழுத வேண்டிய கடிதம்தான். பிள்ளைகளே, விதிப்படி இம்மியும் பிசகாத ஒரு முறைப்பாட்டை எழுதும்போது கை சுறுசுறுப்பாக ஓடினால், பேனாவை வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வாருங்கள்.

கொஞ்ச நாளில் அந்த வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து நிபுணர் வந்தார். வயதான அம்மா, அதிகம் பேசமாட்டார். நுவரெலியா அலுவலக மேசையில் எங்கள் இரண்டு பேரின் படிவங்களையும் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எழுத்து தெரியாவிட்டாலும் நிரல்களும் குறியீடுகளும் அவருக்குத் தெரியும்.

"உங்களுடையவை மிகவும் சுத்தமாக இருக்கின்றன. எல்லாம் ஒரே பெண்ணின் நாள் மாதிரி இருக்கிறது" என்றார் என்னிடம் ஆங்கிலத்தில்.

பாராட்டுகிறார் என்று நினைத்தேன். "தோட்டத்தில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி நாள்தான் மெடம்" என்றேன். அவர் அடுத்த படிவத்தை எடுத்தார்.

என் கடிதத்தைச் சேர் அவருக்கு விளக்கியிருந்தார். அந்த வீட்டை நேரில் பார்க்க வேண்டும் என்றார் அந்த அம்மா. பேட்டி எடுத்தவள் கூட வந்தால் பெண் பயந்து பதில் சொல்வாள் என்று ஹட்டன்காரியை அலுவலகத்தில் இருக்கச் சொன்னார்கள். மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லாததால் நான் போனேன்.

சரோஜா இரண்டு கதிரைகளைத் துடைத்துப் போட்டாள். அந்த அம்மா நேரே விஷயத்துக்கு வந்தார். இரவில் எழும்புவதை நீங்களாகச் சொன்னீர்களா, இல்லை, பேட்டி எடுத்தவர் சொல்லித் தந்தாரா? நான் அதைத் தமிழில் கேட்டேன்.

சரோஜா அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "அவங்க ஒண்ணுஞ் சொல்லித் தரல. தூங்குறப்ப மத்தக் கை எங்க இருந்துச்சின்னு கேட்டாங்க. அவரு முதுகுக்கு அடியிலதான்னு சொன்னேன். திருப்பிப் போடாட்டி புண்ணு வச்சிரும்ல. எனக்கே அழுக வந்திருச்சி பிலோ. நீயும் இத்தன வருசமா வர்ற போற, ஒரு நாளு கேக்கலியே."

அந்த அம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா திறந்திருந்தது. எனக்கு யோசிக்கக் கிடைத்தது இரண்டு மூச்சு நேரம். அந்த இரண்டு மூச்சில் நான் நினைத்தது சரோஜாவின் கணவரையல்ல. வெளிநாட்டு மேடையில் ஹட்டன்காரி நிற்பதை நினைத்தேன். இத்தனை வருடமும் நான் கேட்காததை அவள் ஒரே நாளில் கேட்டுவிட்டாளே என்று நினைத்தேன்.

"பேட்டி எடுத்தவர் அதைப் பற்றிக் கேட்டதால் சொன்னதாகச் சொல்கிறார்" என்றேன் ஆங்கிலத்தில்.

பொய்யில்லை. ஒவ்வொரு சொல்லும் சரோஜா சொன்னதற்குள் இருந்தது. அந்த அம்மா தலையாட்டிக்கொண்டு குறிப்புப் புத்தகத்தில் ஒரு சொல் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். கேட்டவரே பதிலைத் தூண்டினார் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. மேற்பிரிவுப் படிவங்கள் மொத்தத்தையும் ஒதுக்க அந்த ஒரு சொல் போதும்.

திரும்பும்போது அந்த அம்மா முன்னால் வேனுக்குப் போனார். சரோஜா பின்னாலேயே ஓடிவந்து ஒரு பையை நீட்டினாள். வீட்டுக்குப் பின்னால் போட்ட லீக்ஸும் கரட்டும். எனக்கென்று நினைத்துக் கை நீட்டினேன்.

"அந்த மிஸ்ஸுக்குக் குடுத்துரு புள்ள. லீக்ஸ்னா புடிக்கும்னாங்க" என்றாள். பிறகு, "அந்தம்மாகிட்ட நாஞ் சொன்னத அப்புடியே சொல்லிட்டதானே?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன்."

"நீ சொன்னா சரிதான். எனக்கு எங்க இங்கிலீசு தெரியுது."

சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பையோடு படியிறங்கினேன். வேன் கீழ்ப்பிரிவுத் திருப்பத்தில் நின்றது. அங்கே பைப்படியில் நான் பேட்டி எடுத்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், முன்னால் பிளாஸ்டிக் கேன்கள். பேச்சுக்கு, எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று கேட்டேன்.

"அந்திக்கு அஞ்சு மணி போல விடுவாங்க மிஸ். முந்தியே வந்து கேன வைக்காட்டி கெடைக்காது. வீட்டுக்கு ஒரு ஆளு முறை வச்சி இங்கயே கெடக்கணும்" என்றாள் ஒருத்தி.

"எங்கிட்ட கா மணித்தியாலம்னு சொன்னீங்களே?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க எங்க மிஸ் சொன்னோம்? நீங்கதான் கா மணித்தியாலம்னு எழுதுனீங்க. நீங்க படிச்சவங்க, நம்ம தோட்டத்து ஆளு, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம்."

அந்தக் கால் மணித்தியாலம் எங்கிருந்து வந்தது என்று அங்கேயே புரிந்துவிட்டது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் லயத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர்ப் பீலி இருந்தது. அம்மா குடத்தோடு போய்க் கால் மணித்தியாலத்தில் வந்துவிடுவார். நான் கீழ்ப்பிரிவில் யாரையும் பேட்டி எடுக்கவேயில்லை. கீழ்ப்பிரிவு முழுக்க, இறந்துபோன என் அம்மாவின் நாளைத்தான் எழுதி வைத்திருந்தேன். அந்த நிபுணர் அம்மா ஒரே பெண்ணின் நாள் என்று சொன்னது அதைத்தான்.

மறுநாள் காலை அந்த அம்மா நானுஓயாவில் கொழும்பு ரயிலைப் பிடிக்க வேண்டும். நான் அலுவலகத்துக்குப் போகாமல் ஸ்டேஷனுக்குப் போனேன். வழியெல்லாம் ரயில் போயிருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டே போனேன். ரயில் தாமதம். அவர் வாங்கில் உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நேற்று சரோஜா சொன்னதில் பாதியைத்தான் நான் சொன்னேன்" என்றேன். மீதியைச் சொன்னேன். முதுகுக்கு அடியிலிருந்த கையையும், நீ ஒருநாளும் கேட்கவில்லை என்றதையும். பைப்படியையும் சொன்னேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, நான் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லி மெதுவாக எழுதினார்.

"நேற்று ஏன் சொல்லவில்லை?"

"பொறாமை" என்றேன். ஆங்கிலத்தில் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை, தேற்றவுமில்லை. "அப்படியானால் உங்கள் பிரிவை மறுபடி செய்ய வேண்டும். அந்தத் தாளோடு" என்றார். ரயில் வந்தது. நான் அவர் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி, ஹட்டன்காரியிடம் முதல் நாள் கொடுக்காமல் வைத்திருந்த லீக்ஸ் பையைக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் பையைத் திறந்து கரட்டுகளை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடிதம் எழுதுனது தெரியும் அக்கா. சேர் அன்னைக்கே காட்டிட்டாரு."

"அப்ப ஏன் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"கேக்கத்தான் நெனச்சேன். ஆனா சரோஜாக்கா நாள் பூரா ஒங்களப் பத்தித்தான் பேசுவாங்க. பிலோ கணக்குல கெட்டிக்காரி, பிலோதான் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தான்னு. நா உரிச்ச கெழங்குல பாதி அதக் கேட்டுக்கிட்டு உரிச்சதுதான். எனக்கு அப்புடி ஒரு கூட்டாளி இல்ல. எனக்கும் எரிச்சலாத்தான் இருந்திச்சி."

நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. பிறகு கீழ்ப்பிரிவை மறுபடி செய்ய அவள்தான் எனக்கு அந்தத் தாளைப் பிரதியெடுத்துத் தந்தாள்.

தோட்டத்துப் பெண்களின் கணக்கு தனியாகவே நின்றது. கூட்டத்துக்கு அவள் போனாள். குளிர் நாடு என்று என் கம்பளிச் சட்டையை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். கொடுத்துவிட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை நான். மேடையில் என் சட்டையோடு அவள் நிற்கும் படத்தைச் சேர் அறிவித்தல் பலகையில் ஒட்டினார். அந்தப் பலகை இருந்த நடைபாதையால் போகாமல், கொஞ்ச காலம் பின்வாசலால் போய்வந்தேன். உண்மையைச் சொன்னால் மனம் லேசாகிவிடும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு ஆகவில்லை. சரோஜாவின் படிவம் மட்டும் சரியான இடத்தில் சேர்ந்தது.

திரும்பி வந்து அவள் அந்தத் தாளைக் கையேட்டுக்கு ஒரு பக்கமாக எழுதிக் கொடுத்தாள். நிறுவை நேரங்கள், பெரட்டு, பிள்ளை மடுவம், மத்தக் கைக் கேள்வி எல்லாம் அதில் இருக்கிறது. கையேட்டில் யார் எழுதியது என்று பெயர் போடும் வழக்கமில்லை. பிறகு அவள் மாற்றலாகிப் போய், இப்போது வேறு நாடுகளில் இதே வேலையைச் சொல்லிக் கொடுக்கிறாள். நான் இங்கேயே இருந்து அந்தப் பக்கத்தை வைத்துப் பயிற்சி நடத்தினேன். பிலோமினா மிஸ்ஸின் பக்கம் என்று முதலில் யார் சொன்னார்களோ தெரியாது. முதல் தடவை திருத்த நினைத்தேன். அடுத்த தடவை நினைக்கவில்லை. வருடங்கள் போய்விட்டன. பாதியைச் சொல்லாமல் விட்டதற்கு நானுஓயாவில் பரிகாரம் தேடிய அதே நான்தான், பிரியாவிடையில் மறுபடியும் பாதியை விழுங்கிவிட்டுச் சிரித்தேன்.

போன வாரம் சரோஜா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் கதிரையில் உட்காராமல் படியில் உட்கார்ந்தேன். சரோஜா அதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கிழங்கும் கத்தியும் எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். உரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "அந்த மிஸ் எப்புடி இருக்காங்க? அவங்க பேரு எனக்கு மறந்து போச்சி புள்ள."

எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் வாய்க்கு வர நேரமெடுத்தது. ஒரு கிழங்கு முழுவதையும் உரித்து முடித்த பிறகுதான் சொன்னேன்.

உங்கள் கையேட்டில் அந்தப் பக்கத்தை எடுங்கள். மேலே இடம் இருக்கிறது. பென்சில் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள். அவள் பெயர் தவமணி.